பின்வரிசை இடது ஓரம்

சிவப்புக் கோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யேசுவடியான் அண்ணன் என் கடை வாசலில் வந்து நின்றார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. அருமனை சந்தையிலிருந்து மரச்சீனிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போன வேன் ஒன்று தேங்கிக் கிடந்த வெள்ளத்தை வாரி அடித்துவிட்டுப் போனது. வேட்டி முழங்கால்வரை சேறு. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கோட்டில் தெறித்ததா என்று மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கிரேசு, இது திரும்பவும் தேஞ்சு போச்சு, கேட்டியா."

"எங்கண்ணே, இடது மாரா?"

"வேற எங்க தேயும்? அசனத்துக்கு முந்தி தச்சுத் தந்துரு. கோயில்ல பேண்டு உண்டு."

"நீங்க கொழல ஊதுறியளா, இல்ல அத வச்சு நெஞ்ச அரைக்குறியளா?"

அவர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. கோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, ஈரச் செருப்பைத் தட்டிக்கொண்டு போனார். எங்கள் சபையின் அசன விருந்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அவசரம் இல்லை என்று கோட்டை அலமாரியில் வைத்தேன்.

நான் இந்தப் பத்தியில் எழுதுவதெல்லாம் கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டும் அதைச் சுற்றிய சண்டையும்தான் என்று ஒரு வாசகர் குறைபட்டிருந்தார். தையல்காரியிடம் வேறு என்ன இருக்கும்? இருந்தாலும் அவருக்காக இந்த வாரம் ஓர் ஆண்பிள்ளைக் கோட்டு.

யாரும் கேட்காத வாத்தியம்

எங்கள் ஊர் பேண்டு செட்டுக்குக் கோட்டு தைத்துக் கொடுப்பது என் கடைதான். சிவப்புத் துணி, கையிலும் கழுத்திலும் தங்கநிறச் சரிகை நாடா, பித்தளைப் பொத்தான். கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, சாவோ, எதற்கும் அதே கோட்டுதான். சாவுக்குச் சிவப்பு ஆகாதே என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. முன்னால் சிவப்பு வரிசை நடக்காமல் சவப்பெட்டி போனால்தான் எங்களுக்கு என்னவோ குறைவது போல் இருக்கும்.

பேண்டுக்குத் தலைவர் லாரன்ஸ். டிரம்பெட் வாசிப்பார். பாட்டின் ராகம் முழுக்க அவர் கையில். கிளாரினெட் அதற்குப் பூ வைக்கும். யேசுவடியான் அண்ணன் வைத்திருந்தது யூபோனியம். ஊரில் யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. 'பெரிய கொழல்' என்றே சொன்னார்கள். ஒரு கைப்பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது போல அதை இடது மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஊதுவார். அந்த இடத்தில்தான் கோட்டு தேயும். நானும் உள்ளே கட்டித் துணி வைத்துப் பார்த்தேன், இரட்டைத் தையல் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

காலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போவார். மற்ற நேரம் பேண்டு. அதனால் கோட்டிலும் ரப்பர் சீட்டின் புகைவாடை இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. அலமாரியைத் திறந்தால் உள்ளே அவர் நிற்கிற மாதிரி இருக்கும்.

அந்த வாத்தியத்தில் ராகம் வராது என்றில்லை. அவருக்கு வாய்த்த பாகம், ராகத்தைக் கீழிருந்து தாங்குகிற அடிப்பாகம். 'பும்... பும்... பும்பும்.' அவ்வளவுதான். பிள்ளைகள் சுற்றி நின்று, சினிமாப் பாட்டு வாசியுங்கள் மாமா என்பார்கள். அவரும் மறுக்காமல் வாசிப்பார். 'பும் பும்' என்று கொஞ்சம் கேட்டுவிட்டு, இது பாட்டா என்று ஓடிவிடுவார்கள்.

"ஒருநாளாவது ராகம் வாசிக்கப்பிடாதா அண்ணே?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"அது லாரன்சுக்க ஜோலி. நான் கூட இல்லேண்ணா அவன் ஓடிப்போவான், பாத்துக்கோ. அவனுக்கு நிக்கத் தெரியாது."

அது உண்மைதான். லாரன்ஸுக்குப் பாட்டு சூடு பிடித்தால் கால் தரையில் பாவாது. ஊர்வலம் ஓட்டமாகிவிடும். பின்வரிசை இடது ஓரத்தில் யேசுவடியான் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டு வருவார். லாரன்ஸ் கொஞ்சம் ஓடிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் திரும்பி வருவார்.

செல்லபாய் அக்காவின் குரல்

அவர் மனைவி செல்லபாய் அக்கா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். பாட்டுக்கு எழுந்து நின்றால் எனக்குச் சங்கடம் தொடங்கிவிடும். எல்லாரும் ஒரு பக்கம் போனால் அவள் ஒரு பக்கம் போவாள். ராகம் மேலே ஏறும்போது இவள் கீழேயே நின்றுகொண்டிருப்பாள். வார்த்தை சரியாக இருக்கும். ஆனால் பாட்டு அதுவாக இருக்காது. முன்னால் நிற்கிற பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருதடவை என்னையும் சேர்த்துப் பார்த்ததால் ஆராதனை முடிந்து கேட்டே விட்டேன்.

"அக்கா, நீங்க எந்த ராகத்துல பாடுறிய?"

"வீட்டுல கேக்குற ராகத்துல."

வீட்டில் அவர் என்றைக்கும் தன் பாகத்தை மட்டும்தான் பழகுவார். சாயங்காலம் மண்சுவர் அதிர 'பும் பும்' என்று கேட்கும். அவள் அடுப்படியில் மரச்சீனி அவித்துக்கொண்டோ மீன் கழுவிக்கொண்டோ இருப்பாள். கல்யாணம் கழித்து வந்த நாளிலிருந்து அதுதான். எங்கள் கீர்த்தனைகள் எல்லாவற்றுக்கும் அவளுக்கு அடி தெரியும். ராகம் அவள் காதில் ஏறவே இல்லை. ஒரே மகன் ஷாஜியைத் தொட்டிலில் போட்டு ஆட்டியதும் அந்த 'பும் பும்' சத்தத்தில்தான். அதில் எப்படிப் பிள்ளை உறங்கியது என்று நான் கேட்டதற்கு, "சத்தம் நிண்ணாத்தான் அவன் முழிப்பான்" என்றாள்.

கல்யாணப் பந்தலும் மூடிய கண்ணும்

எங்கள் பக்கத்துப் பேண்டுகளுக்கு ஒரு முறை உண்டு. சாவு ஊர்வலம் போகிற வழியில் கல்யாணப் பந்தல் போட்ட வீடு இருந்தால் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கோயில், பள்ளிவாசல், நோயாளி கிடக்கிற வீடு, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். ஆனால் நடை நிற்காது. வாத்தியத்தை இறக்கிக்கொண்டு, அதே தாளத்தில் கால் மட்டும் வைத்து நடப்பார்கள். அந்த வீட்டைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கும். பாட்டு அதுவரை காலில் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஒருதடவை குழித்துறைப் பக்கம் ஓர் அடக்கத்துக்குப் போனபோது வளைவில் திடீரென்று பந்தல். லாரன்ஸ் கையைத் தூக்கினார். எல்லாரும் நிறுத்தினார்கள். கண்ணை மூடிக்கொண்டு வந்த யேசுவடியான் அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை. பந்தலின் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரைக்கும் அந்த 'பும் பும்' தனியாகப் போயிற்று. பெண்ணின் அப்பா பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"மங்கள காரியம் நடக்குற வீட்டு முன்ன சாவுப் பாட்டா வாசிக்குற?"

அண்ணன் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது.

"நான் பாட்டே வாசிக்கல்ல சார். அடி மட்டுந்தான். இது கல்யாணப் பாட்டுக்கும் சேரும்."

பந்தலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெண்ணின் அப்பாவும் கையை விட்டார். பேண்டுக்காரர்கள் இந்தக் கதையை என் கடையில் வைத்து மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சொல்லும்போதெல்லாம் பந்தல் நீண்டுகொண்டே போகும்.

கடற்கரைக்குப் போய் வந்தவர்

சுனாமி வந்த மறுநாள் எங்கள் மலையோர ஊர்களிலிருந்தும் ஆட்கள் கடற்கரைக்குப் போனார்கள். அண்ணனும் போனார். வாத்தியம் கொண்டுபோகவில்லை. மண்வெட்டிதான். திரும்பி வந்த பிறகு பல வாரங்கள் குழலைத் தொடவில்லை. கோட்டை என் கடையிலேயே விட்டுவைத்தார். பிறகு ஒருநாள் எடுக்க வந்தபோது நின்றுகொண்டே சொன்னார்.

"ஒரே குழியில எல்லாரையும் ஒண்ணிச்சு வச்சு மூடுனோம் கிரேசு. ஒருத்தருக்கும் ஒரு பாட்டு இல்ல. ஊத வந்தவன் மம்மட்டி பிடிச்சு நிண்ணேன்."

தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எந்தச் சாவுக்குக் கூப்பிட்டாலும் அவர் மறுத்ததில்லை. செல்லபாய் அக்காவிடம் மட்டும் ஒன்று சொல்லி வைத்திருந்தார். தன்னைப் பேண்டு இல்லாமல் எடுக்கக் கூடாது. அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு, "ஆசையப் பாரு" என்று சிரித்தாள்.

ஷாஜியின் பக்கம்

இந்த இடத்தில் அவரைப் பற்றிய மற்றதையும் எழுதாவிட்டால் நான் பொய் எழுதியவள் ஆவேன். சாவு வீட்டில் பேண்டுக்காரர்களுக்குத் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு குப்பி வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். மற்றவர்கள் குடித்துவிட்டு வீடு போய்ச் சேருவார்கள். அண்ணன் வழியில் விழுவார். பள்ளிக்கூடச் சட்டையைக்கூட மாற்றாமல் அப்பாவைத் தேடிப் போன ஷாஜி, அவரைத் தாங்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் வருவதை நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் ஒரு தோளில், அந்தக் குழல் இன்னொரு தோளில்.

பிறகு ஷாஜி வளைகுடாவுக்குப் போனான். அப்பனைப் போலவே குடித்துத் திரும்பி வந்தான். ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஆட்கள் அவனைப் பிடித்து நிறுத்தினார்கள். வீடு வரைக்கும் வந்து, கூட இருந்து, விடவைத்தார்கள். கல்யாணம் செய்தான், ஆட்டோ ஓட்டினான், வீட்டுக்குக் கான்கிரீட் போட்டான். அவர்களுடைய சபையில் பேண்டும் மேளமும் ஆகாது. அப்பாவையும் அந்தச் சபைக்கு வந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னான். அண்ணன் குடியை விட்டார். முழுக்குக்கு மட்டும் போகவில்லை.

"சின்னதில ஐயரு எனக்க தலையில தெளிச்ச வெள்ளம் போரும் மக்கா" என்றார், தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகரைச் சொல்லி. குழலையும் விடவில்லை.

அப்பனும் மகனும் ஒரே வீட்டில் அதிகம் பேச்சில்லாமல் இருந்தார்கள். ஷாஜி வீட்டில் இருக்கும் நேரத்தில் அண்ணன் ரப்பர் தோட்டத்துக்குள் போய்ப் பழகிவிட்டு வருவார்.

பெட்டியும் தோளும்

கோட்டு தந்துவிட்டுப் போன சில நாட்களில், பால்வெட்டப் போன தோட்டத்திலேயே அண்ணன் மாரடைத்து இறந்துவிட்டார். செய்தி வந்தபோது நான் அலமாரியைத் திறந்தேன். கோட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. கடையைப் பாதி சாத்திவிட்டு, வேலையை முடித்து, தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டு முற்றத்தில் ஷாஜியும் அவன் அம்மாவும் எதிரெதிரே நின்றார்கள். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம், சாயங்காலம் ஐயர் வந்து ஜெபிப்பார் என்பதெல்லாம் முடிவாகியிருந்தது. மீதி இருந்தது பேண்டு மட்டும்.

"ஊருல ஒள்ளவனுக்கெல்லாம் ஊதுனாரு மக்கா. அவரு மட்டும் சத்தமில்லாம போணுமா?" என்றாள் செல்லபாய் அக்கா.

"பேண்டு வந்தா நான் பெட்டியத் தொட மாட்டேன்."

அவன் குரலை உயர்த்தவில்லை. நான் கையில் கோட்டோடு நின்றதைப் பார்த்து, என் பக்கம் திரும்பினான்.

"மாமி, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. பேண்டுண்ணா உங்களுக்கெல்லாம் பாட்டு. எனக்கு எங்கப்பா ஓடையில கெடந்த கெடப்பு. அந்தச் சத்தத்துக்குப் பொறவே என்னால நடக்க முடியாது."

அவன் சொன்னது பொய்யில்லை. அவள் கேட்டதும் தப்பில்லை. ஒற்றை மகன் தோள் கொடுக்காமல் அப்பன் பெட்டி போவதை எங்கள் ஊர் காலத்துக்கும் பேசும். அதைவிட, அவளால் அதைத் தாங்க முடியாது.

லாரன்ஸும் ஆட்களும் வேலிப்பக்கம் வந்து நின்றார்கள். எல்லாரும் சிவப்புக் கோட்டு போட்டிருந்தார்கள். செல்லபாய் அக்கா அவர்களிடம் போனாள்.

"லாரன்சு, வாசிக்க வேண்டாம். எனக்குப் பிள்ளைக்க தோள் வேணும்."

லாரன்ஸ் தலையாட்டினார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வாத்தியத்த வேன்லயே வச்சிருக்கோம் அக்கா. அது எறங்காது. சும்மா முன்ன நடந்துக்கிடட்டா?"

அவள் ஷாஜியைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நடக்கட்டு" என்றான்.

அண்ணனுக்கு ஷாஜி ஏற்கெனவே வெள்ளைச் சட்டை உடுத்தியிருந்தான். கோட்டை நான் செல்லபாய் அக்கா கையில் கொடுத்தேன். அவள் அதை மடித்து மாரோடு பிடித்துக்கொண்டாள்.

கால் மட்டும் நடந்த வழி

முன்னால் பேண்டுக்காரர்கள் வரிசையாக நடந்தார்கள். கை வெறுமனே தொங்கியது. பின்வரிசையில் இடது ஓரத்தை விட்டுவைத்திருந்தார்கள். பின்னால் பெட்டி. முன்பக்கம் ஒரு தோள் ஷாஜியுடையது. அதற்குப் பின்னால் ஐயர், பிறகு நாங்கள்.

வழி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. நல்ல வெயில் காய்ந்தது. அங்கங்கே மரத்தில் காய் வெடித்து விதை சிதறும் சத்தம் கேட்டது. மற்றபடி அந்தக் கால்கள்தான். கல்யாணப் பந்தலைத் தாண்டும்போது நடப்பது போலவே அவர்கள் தாளம் மாறாமல் நடந்தார்கள். ஆனால் இந்தப் பந்தல் முடிகிற மாதிரி தெரியவில்லை. அழுகைச் சத்தமாவது வந்தால் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அப்போது என் பக்கத்தில் 'பும்... பும்... பும்பும்' என்று கேட்டது.

செல்லபாய் அக்காதான். வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே, முன்னால் போகிற கால்களுக்குச் சரியாக. எனக்கு முதலில் பயமாகிவிட்டது. புத்தி தடுமாறிவிட்டதா என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் பிடிபட்டது. வீட்டிலிருந்து பெட்டி கிளம்பும்போது எங்கள் பக்கம் பாடுகிற பழைய கீர்த்தனை அது. இத்தனை வருடம் கோயிலில் அவள் பக்கத்தில் நின்று நான் வெட்கப்பட்ட அதே குரல். அன்றைக்கு அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

லாரன்ஸ் நடந்துகொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு பாடத் தொடங்கினார். வாத்தியக்காரர், பாட்டுக்காரர் இல்லை. குரல் கரகரவென்று இருந்தது. ஆனால் ராகம் அவர் வீட்டுச் சொத்து. கிளாரினெட்காரர் சேர்ந்தார். ஐயர் சேர்ந்தார். பின்னால் வந்த கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. ஷாஜியின் சபைக்காரர்களும் பாடினார்கள். வாயால் பாடுவதற்கு யாருக்கும் தடை இல்லை. ஷாஜி மட்டும் பாடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுகிற ஏற்றத்தில் செல்லபாய் அக்கா கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அவள் சத்தம் நின்றதும் பாட்டுக்குக் கால் போய்விட்டது. லாரன்ஸ் வழக்கம்போல ஓடத் தொடங்கினார். ஒரு பக்கம் வேகம், ஒரு பக்கம் மெதுவு என்று கூட்டம் சிதறியது. பெட்டி ஆடியது.

அப்போது முன்னாலிருந்து அந்த அடி திரும்பவும் வந்தது. 'பும்... பும்... பும்பும்.' ஆண் குரல். நல்ல கனமாக, ஓரிடத்திலும் பிசகாமல்.

லாரன்ஸ் ஓட்டத்தை விட்டார். சிதறிய குரல்கள் ஒன்றுக்கொன்று கூடின. நடை பழையபடி ஆனது. ஷாஜி பெட்டிக்கு அடியில் தலையைக் குனிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

செல்லபாய் அக்கா கோட்டிலிருந்து முகத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டு நடந்தாள். பிறகு என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எட்டீ கிரேசு, இவன் எல்லாத்தையும் கேட்டுட்டுதான் கெடந்திருக்கான், பாத்தியா" என்றாள்.